பாடாத ரேடியோவும் பறிபோக இருந்த சாவியும்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஏரிக்காற்று என் குரலை அடித்துக்கொண்டு போகிறது. வாய் மட்டும் வளர்ந்த ஒருவனை ஒருத்தி வாயடைக்க வைத்த கதையைச் சொல்கிறேன்.

பழவேற்காட்டுப் பக்கம் தோணிரேவு என்கிற மீனவ கிராமத்தில் காந்தா என்று ஒருத்தி. புருஷன் பச்சைமுத்து கடலுக்குப் போய்விடுவான். மாமனார் சிங்காரத்தின் பழைய காரில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, மீன் கூடைகளை அடுக்கி, பொன்னேரிச் சந்தைக்கு ஓட்டிப்போவது அவள்தான். சாயங்காலம் அந்தக் காரில் சாய்ந்தபடி ரேடியோவில் செய்தி கேட்டால்தான் சிங்காரத்துக்குச் சோறு இறங்கும்.

மூன்று நாளாக அந்த ரேடியோ வாய் திறக்கவில்லை.

கொழுந்தன் சின்னதம்பிக்கு அது போதாதா? வலை முடியத் தெரியாது, படகு தள்ள இடுப்பு வளையாது. கார் சாவிமேல் மட்டும் ஆசை. ரேடியோ மண்டையில் நாலு தட்டு தட்டினான். அப்புறம் ஏரியலில் செம்புக் கம்பியைக் கட்டி, தென்னை மரம்வரை இழுத்துவிட்டான். விளக்கே எரியாத பெட்டிக்கு ஏரியல் நீட்டிய மேதை அவன்!

"செட்டு செத்துப்போச்சி நைனா. பொம்பள கை பட்டா எது உருப்படும்?" என்றான்.

சிங்காரம் தாடையைச் சொறிந்தார். "செய்தி நேரம் வரைக்கும் பாக்கறேன். அப்பவும் பாடலன்னா சாவிய அவன்கிட்ட குடுத்துடு, காந்தா."

காந்தா சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சாவி போனால் பொன்னேரிப் பாதையும் போச்சு. அதுவும் இந்தத் தண்டச்சோற்றின் கைக்கா?

ஹாரனை அழுத்தினாள். அலறியது. அப்படியானால் பேட்டரியில் குறையில்லை. ஃபியூசைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணாடிக்குள் கம்பி அறுபடாமல் இருந்தது.

"அது இன்னா அண்ணி, ஜோசியமா?"

"பழவேற்காட்டுல டச்சுக்காரன் கல்லற வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வெச்சிகீது பாரு, அதுகிட்ட போய்ப் பேசு. அதுதான் உன் பேச்சுக்கு எழுந்து ஓடாம நிக்கும்."

பொன்னேரி மெக்கானிக்கிடம் பார்த்துப் பழகியவள் அவள். ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் சுற்றினாள். ஒரு முனையை ரேடியோவின் சிவப்பு ஒயரில் வைத்து, மறு முனையை நீட்டிப் பேட்டரியின் மைனஸில் தொட்டாள். பல்பு எரிந்தது. பெட்டிவரை கரண்டு வருகிறது. மைனஸில் இருந்த முனையை எடுத்து, ரேடியோவின் கறுப்பு ஒயரில் வைத்தாள். பல்பு செத்தது. வந்த கரண்டு திரும்பிப் போக வழியில்லை. எர்த்து விட்டுப்போயிருக்கிறது!

மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள். கறுப்பு ஒயரைக் காரின் உடம்புத் தகட்டோடு முடுக்கிய திருகாணி, துருவில் புட்டு மாதிரி உதிர்ந்தது. சுற்றிலும் வெள்ளைப் படிவு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

"சின்னதம்பி, தெனம் கார கழுவுறியே, எந்தத் தண்ணில?"

"ஏரித் தண்ணிலதான். உள்ளயும் நாலு பக்கெட்டு ஊத்துவேன். மீன் வாட போவணும்ல? படக அப்படித்தான கழுவுறோம்?"

"படகு ஃபைபருடா! இது இரும்பு! கடலு கலந்த உப்புத் தண்ணிய உள்ள வீசிட்டு, பொம்பள கைன்னு சொல்ற. உன் தலைய அந்தத் தண்ணில கழுவினாகூட துருப்புடிக்க உள்ள ஒண்ணும் இல்ல."

செதில் சீவும் கத்தியால் தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினாள். ஒயர் முனையையும் சுரண்டி, வேறு திருகாணி போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவினாள்.

செய்தி நேரம் வந்தது. சிங்காரம் முன் சீட்டில் ஏறினார். சின்னதம்பி ஜன்னல் வழியாக, சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றான். வெட்கம் என்பதை அவன் கண்டானா, கேட்டானா?

காந்தா சாவியைத் திருப்பினாள். ரேடியோவின் சின்ன விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஒரு கரகரப்பு. பிறகு செய்தி வாசிக்கிறவரின் குரல் கணீரென்று வந்தது.

"நான் அப்பவே நெனச்சேன் நைனா, எர்த்துதான்னு."

"கைய மடக்குடா, காத்து மறைக்குது," என்றார் சிங்காரம், செய்தியிலிருந்து காதை எடுக்காமல். "காந்தா, காலைல எத்தினி மணிக்கு வண்டி எடுக்கற?"

"அஞ்சுக்கு, மாமா."

"சரி, போய்ட்டு வா."

அவ்வளவுதான், என் செல்வங்களே. உங்கள் வீட்டு உலை ஓயாமல் கொதிக்கட்டும். உழைக்கிற பெண்ணின் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கட்டும். வாசலுக்கு வருகிறவர் வயிறு நிறைந்து போகட்டும்.