லோரிக்கு வைத்த பொட்டு

தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி செல்லப்பா விளையாட்டாகத்தான் தன் ஆபீஸ் அலமாரிச் சாவியை லோரியின் சாவித் துவாரத்தில் நுழைத்துத் திருப்பினார். டிரைவர் சன்னாசி "ஐயா, வேண்டாங்க" என்று கையை நீட்டுவதற்குள் அது சொகுசாகத் திரும்பிவிட்டது. இவர் பதறிப்போய்க் காலை உதைத்த இடம் ஸ்டார்ட்டர். லோரி உறுமிக்கொண்டு எழுந்தது. கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன கோதாரியடா இது! என்ர அலமாரித் திறப்புக்கும் இது எழும்புமோ?"

இனி மறைத்து என்ன பயன்? "எந்தச் சாவிக்கும் கிளம்புங்கையா. பூட்டு தேஞ்சுபோச்சு. என் சம்சாரத்தோட டிரங்குப் பெட்டிச் சாவிக்கே கிளம்புது" என்றான் சன்னாசி.

கிராணி வந்ததே அந்த விஷயமாகத்தான். மறுநாள் காலையில் சுற்றுவட்டாரத் தோட்டத்து லோரிகள் எல்லாம் லுக்குட் போலீஸ் நிலையத்துத் திடலுக்கு வந்து நிற்க வேண்டும். பூட்டைச் சோதிப்பார்களாம். சொந்தச் சாவி இல்லாமல் கிளம்புகிற லோரியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். லோரியோடு டிரைவரையும்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டு மூன்றாவது வருஷம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. ஆறு மணிக்கு மேல் கேட்டைத் தாண்டினால் சுடுவார்கள். பக்கத்துத் தோட்டத்து முருகையாவின் லோரியைக் காட்டு ஆட்கள் ஓட்டிப்போய் அரிசி ஏற்றிவிட்டார்கள். சாவி முருகையாவின் இடுப்பில்தான் இருந்தது, அவன் பாவம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். யார் கேட்டார்கள்? 'சாவி உன்கிட்ட இருக்கு, அப்ப லோரி எப்படிப் போச்சு?' என்று பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்னும் விடவில்லை. அவன் பெண்டாட்டி வள்ளியம்மா வாராவாரம் துணிமூட்டையோடு நடந்து போவாள். கொடுக்க விடமாட்டார்கள், அதே மூட்டையோடு திரும்பி வருவாள்.

"புதுப் பூட்டு சிங்கப்பூரில இருந்து வர ஒரு மாசமாகும். நான் ஒண்டும் காணேல்லை. விடியிறதுக்குள்ள எப்பிடியாவது திருத்திப்போடு" என்று சொல்லிவிட்டு, அலமாரிச் சாவியைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு குடையை விரித்தார் கிராணி. நல்ல மனுஷன்தான். பயம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

சன்னாசிக்கு மட்டும் பயம் இல்லையா என்ன? பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் திருகாணியைத் தளர்த்திப் பூட்டை உருவிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். அவன் மனைவி பஞ்சாலைக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. கிராணி குடை விரித்ததைக் கண்டாலே வரிசை வீட்டு லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"அப்பவே சொன்னேன்ல? என் பொட்டிச் சாவிக்கே கிளம்புதுன்னு நான் சிரிச்சப்ப நீங்களும் சேந்துதானே சிரிச்சீங்க? இப்பச் சிரிங்க!" என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவள் சத்தம் போட்டால் அது கோபமில்லை என்று சன்னாசிக்குத் தெரியும். பேசாமல் கோணி ஊசியைப் பூட்டுக்குள் விட்டுக் குடைந்தான்.

மஞ்சளாகப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"பாத்தியா, உள்ள இருக்கிற பித்தளையே அரைஞ்சு கொட்டுது. அவ்வளவுதான், இது ஆகாது" என்று பூட்டைக் கீழே வைத்துவிட்டான்.

பஞ்சாலை ஒரு பொருக்கை எடுத்து விரலில் நசுக்கினாள். மோந்து பார்த்தாள். அவ்வளவு நேரம் ஓயாத வாய் சட்டென்று அடங்கிவிட்டது.

"மாமா," என்றாள் மெதுவாக, "இது சந்தனம்."

ஆமாம், சந்தனமேதான். ஆயுத பூஜை தவறாமல், வெள்ளிக்கிழமை தவறாமல், பஞ்சாலை லோரிக்குப் பொட்டு வைப்பாள். முன் விளக்குக்கு ஒன்று, ஸ்டேரிங்குக்கு ஒன்று. லோரிக்கு உயிர் இருக்கிற இடம் சாவித் துவாரம்தானே என்று அதற்கு மட்டும் கொழுகொழுவென்று ஒன்று, நடுவில் குங்குமம். வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்று சன்னாசியும் அதைத் துடைக்கமாட்டான். பொட்டுக்கு நடுவிலேயே சாவியைக் குத்தி ஏற்றுவான். இத்தனை வருஷத்துச் சந்தனம் சாவியோடு உள்ளே போய் இறுகிக் கிடந்தது. முருகையாவைப் பிடித்துப் போனதிலிருந்து, தன் புருஷனுக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று, தினமும் வேறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"நானே உங்கள உள்ள அனுப்பப் பாத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட, சும்மா இரு லா. மண்ணெண்ணெயை எடு."

பால் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பூட்டை ஊறப்போட்டார்கள். ஊறி ஊறி, குலுக்கிக் குலுக்கி, மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்து வந்தது. பூட்டுக்குள் இருந்த சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் ஒவ்வொன்றாக விடுபட்டு மேலே எழும்பின. அவை அமுங்கி ஒட்டிக் கிடந்ததால்தான் கண்ட சாவியும் உள்ளே போய்த் திரும்பியிருக்கிறது. சன்னாசி பெட்டிச் சாவியைப் போட்டு முறுக்கினான். அசையவில்லை. பஞ்சாலை கையைத் தட்டினாள்.

பிறகு அவன் தன் சாவியைப் போட்டான். அதுவும் அசையவில்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பல் இருந்த இடமெல்லாம் வழவழவென்று மழுங்கிக் கிடந்தது. தகடு எல்லாம் ஒட்டிக் கிடந்தவரை அதன் வண்டவாளம் தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது லோரியை யாராலும் கிளப்ப முடியாது, அவனாலும் முடியாது. நாளைக்குத் திடலுக்குப் போகாவிட்டால் அதற்கும் அதே விலங்குதான்.

"இன்னொரு சாவி இருந்திச்சே?" என்றாள் பஞ்சாலை.

இருந்தது. லோரி புதிதாக வந்த அன்று, விபத்து எதுவும் வரக்கூடாதென்று, ஒரு சாவியைச் சன்னாசியே முனியாண்டி சாமியின் சூலத்தில் கட்டிவிட்டு வந்திருந்தான்.

"சாமிக்குக் குடுத்தத எப்படித் திருப்பி எடுக்கிறது?" என்று அவன் இழுத்தான்.

"நான் கேட்டுக்கிறேன். வாங்க, கேட்ட மூடிருவான்."

முனியாண்டி முள்கம்பிக்கு வெளியே, செம்மண் ரோட்டு ஓரத்தில் நின்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பஞ்சாலை சூடத்தைக் கொளுத்தி, ஒரு சுருட்டை வைத்து, நேருக்கு நேராகவே பேசினாள். "உனக்குக் குதிரை இருக்கு சாமி. இந்த மனுஷனுக்கு லோரிய விட்டா வேற என்ன இருக்கு? ஒண்ண எடுத்துட்டு ஒண்ண வச்சிட்டுப் போறோம், கோவிச்சுக்காத." பல் போன சாவியைச் சூலத்தில் கட்டிவிட்டு, பச்சை பூத்துக் கிடந்த பழைய சாவியை அவிழ்த்துக்கொண்டு, கேட்டை மூடுவதற்குள் ஓட்டமாக ஓடி வந்து சேர்ந்தார்கள்.

குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தாள். சாவி பொன்னாக வந்தது. பல்லெல்லாம் புத்தம் புதுசு. பூட்டில் போட்டுத் திருப்பியபோது 'டொக்'கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டே எத்தனையோ வருஷமாயிருந்தது சன்னாசிக்கு.

ராத்திரியே பூட்டை லோரியில் மாட்டிவிட்டான். மறுநாள் லுக்குட் திடலில் மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் ஒருவர் வளையம் நிறையச் சாவிகளோடு ஏறி உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் போட்டுத் திருப்பினார். பேனாக்கத்தியை விட்டுக் குடைந்தார். ஆணியையும் விடவில்லை. பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அவர் கையைக் காட்ட, சன்னாசி தன் சாவியைப் போட்டுத் திருப்பி ஸ்டார்ட்டரை மிதித்தான். லோரி கிளம்பியது.

"பாகுஸ்," என்றார் சார்ஜன், நல்லது என்று தலையை ஆட்டி. "ஜாலான்!"

போகச் சொன்னதுதான் தாமதம், லோரியை விரட்டினான் சன்னாசி. தோட்டத்து ரோட்டில் திரும்புகிறவரை பின்னால் பார்க்கவில்லை. திரும்பியதும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது.

முனியாண்டியைத் தாண்டி எதிரே ஒருத்தி வேகவேகமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். பஞ்சாலை. இடுப்பில் ஒரு மூட்டை. லோரியைப் பார்த்ததும் அப்படியே நடுரோட்டில் நின்றுவிட்டாள். சன்னாசி நிறுத்தி இறங்கினான்.

"என்னா மூட்டை?"

"துவைக்கிற துணி."

"துவைக்கிறதுக்கு லுக்குட்டுக்கா போற?"

அவன் முடிச்சை அவிழ்த்தான். அவனுடைய தீபாவளிச் சட்டை, ஒரு சாரம், ஒரு துண்டு, அதற்குள் ஒரு பீடிக்கட்டு. நேற்றுக் கிராணி குடையை விரித்துக்கொண்டு போனதுமே கட்டி வைத்திருக்கிறாள். பூட்டை ஊறப்போட்டு, சாமியோடு வாதாடி, சாவியைத் தேய்த்து, எல்லாம் செய்துகொண்டே இதையும் தயாராக வைத்திருந்திருக்கிறாள்.

"பீடியையுமா துவைப்ப?" என்றான் சன்னாசி.

பஞ்சாலை ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். அவளை ஏற்றி உட்காரவைத்து, அந்தக் கட்டிலிருந்தே ஒரு பீடியை உருவிப் பற்றவைத்துக்கொண்டு, சன்னாசி சாவியைத் திருப்பினான்.