கேட்காமலே குறைத்த கரி

பதினோரு நாளாக அவனும் அவன் மனைவியும் பேசிக்கொண்டதெல்லாம் மெகாவாட் கணக்குதான்.

அவன் அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். அவள் நகரத்து லோடு கன்ட்ரோல் அறையில், எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தரவேண்டும் என்று போனில் சொல்பவள். ஷிப்ட் ஒத்துவராது. அவன் வீட்டுக்கு வரும்போது மூடிவைத்த தட்டும் கழுவாத ஒற்றைத் தம்ளரும்தான் இருக்கும்.

அவளுக்குத் தொலைதூர ஊருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்திருந்தது. அவள் வாய் திறக்கும் முன்பே, "போயேன், நல்ல வாய்ப்பு" என்று முந்திக்கொண்டான். போக ஆசைப்படுகிறாள் என்று அவனாகவே முடிவுகட்டியிருந்தான். அன்று மூடிய வாயை அவள் திறக்கவில்லை. சம்மதக் கடிதத்துக்கு இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. இப்போது மூன்று. அவன் ஷிப்டில் இருந்தான்; கைபேசிகளை நிலைய வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போகாதே என்று சொல்ல, பேச்செல்லாம் பதிவாகும் ஆபீஸ் போன்தான் இருந்தது.

வெளியே வானம் கறுத்தது. மழை வந்தால் ஊரே மின்விசிறியை அணைக்கும். லோடு இறங்கினால் டர்பைன் வால்வு மூடிக்கொள்ளும். போக்கிடமில்லாத நீராவி பாய்லரில் அழுத்தத்தை ஏற்றும். கரியைக் குறைத்தாலும் உலை உடனே அடங்காது. அதனால் பத்து நிமிடம் முன்னதாகவே அவள் சொல்லிவிடுவது வழக்கம். இன்று அவன் காத்திருக்கவில்லை. அவளை எனக்குத் தெரியாதா என்று கரியைக் குறைத்தான்.

சற்றுப் பொறுத்து போன் அடித்தது.

"முப்பது மெகாவாட் ஏத்துங்க. பக்கத்து நிலையம் நின்னுடுச்சு."

அழுத்தமானியின் முள் நூற்றைம்பதிலிருந்து நூற்று நாற்பதுக்கு வந்திருந்தது. இப்போது லோடு ஏற்றினால் டர்பைன் மிச்ச நீராவியையும் உறிஞ்சிவிடும்.

"உடனே முடியாது. அழுத்தம் இல்ல. கரியக் குறைச்சுட்டேன்."

"யாரு குறைக்கச் சொன்னது?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

"நான் வாயத் திறக்கறதுக்குள்ள என் பதிலையும் நீங்களே சொல்லிடுங்க. வீட்டுலயும் அதான், இங்கயும் அதான்."

டர்பைன் மேஜையிலிருந்த சக ஆபரேட்டர் நெட்டை, "பதிவாகுதுண்ணே" என்று முணுமுணுத்தான்.

"ஆகட்டும்டா." போனை இறுக்கிப் பிடித்தான். "நீ போகாத. எனக்குப் பிடிக்கல."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது.

"காலைலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்" என்றாள். "பத்து நாள் பார்த்தேன். இந்த ஒரு வார்த்தை வரல." கணக்குக்குத் திரும்பினாள். "எத்தன நிமிஷம் வேணும்?"

"இருபது."

"சரி."

போனை வைத்துவிட்டாள். அவன் கரியை ஏற்றினான். நெட்டை திரும்பாமலே கேட்டான்.

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"இருபது நிமிஷம் குடுத்திருக்காங்க."

முள் இன்னும் அசையவில்லை.