நாத்தனாருக்கு ஒரு கார்டு

கர்ப்பம் பார்க்கிற கார்டைத் தனக்கென்று சொல்லி வாங்கிய பொம்பளையை ரேணுகா ஒன்பது வருஷத்தில் பார்த்ததே இல்லை. செக்காலை ரோட்டு மருந்துக்கடையில் அவள்தான் பார்மசிஸ்ட். வருகிறவள் எல்லாம் குரலைத் தாழ்த்தி, "நாத்தனாருக்குக்கா" என்பாள். காரைக்குடியில் நாத்தனார்களுக்கு மட்டும்தான் நாள் தள்ளும் போலிருக்கிறது!

அன்று பதினொன்றரைக்குக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. இந்த பேட்ச் கார்டை விற்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள். ரெண்டு கோடு விழ வேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் விழுகிறது. அதாவது, பிள்ளை இருந்தாலும் இல்லையென்று சொல்லும். விற்றது மூன்று. இரண்டு பேரைப் போனில் பிடித்துச் சொல்லியாயிற்று. மூன்றாவது ஒக்கூர் செந்தாமரை.

அரைமணி முன்னால்தான் செந்தாமரை முகப்பருவுக்கு மாத்திரை வாங்கிப் போயிருந்தாள். வயிற்றில் பிள்ளை இருப்பவள் ஒன்றைக்கூட விழுங்கக் கூடாத மாத்திரை. ரேணுகா கேட்கத்தான் செய்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, பாத்தாச்சு. பிள்ளையார்பட்டி போறோம், சாப்பிட்டு அங்கனயே போட்டுக்கிறேன்" என்றபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. போன வாரம் கார்டு வாங்கும்போது, "கல்யாணமாகி ஆறு வருஷம், பாவம்" என்று நாத்தனாருக்காக உருகியவளும் இவளேதான்.

பில்லில் இருந்த நம்பருக்கு அடித்தாள். மணி அடித்ததே ஒழிய எடுப்பாரில்லை. வேறு கம்பெனி கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கருத்தையாவின் ஆட்டோவில் பாய்ந்தாள்.

"இம்புட்டு அவசரம் எதுக்குத்தா? பிள்ளையாரு ஓடியா போயிருவாரு?"

"அவரு ஓட மாட்டாரு. நான் பிள்ளையப் பிடிக்கணும், முறுக்குங்கண்ணே!"

கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் செந்தாமரையும் அவள் புருஷன் முத்தரசுவும் புளியோதரையை முடித்திருந்தார்கள். அவள் உள்ளங்கையில் மாத்திரை, மறுகையில் தண்ணீர் பாட்டில்.

"போடாதீக! போட்றாதீக!"

கத்திக்கொண்டே ஓடிவந்து ரேணுகா மாத்திரையைத் தட்டிவிட்டாள். மூச்சு வாங்கியது. "உங்க நாத்தனாருக்கு வாங்குனீகளே ஒரு கார்டு, அது கோளாறான கார்டு. ஒத்தக் கோட்ட நம்பாதீக."

முத்தரசு முழித்தான். "யாருக்குங்க? வீட்டுக்கு நான் ஒத்தப் பிள்ளதானே! எனக்கு ஏது அக்கா தங்கச்சி?"

செந்தாமரை தலையைக் குனிந்துகொண்டாள். "ஒவ்வொரு தடவையும் இல்லைன்னு தெரிஞ்சா நீங்க சோறு தண்ணி இல்லாமக் கெடக்கீக. அதான் உங்ககிட்டச் சொல்லல."

அவன் அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டான்.

ரேணுகா புதுக் கார்டை நீட்டினாள். செந்தாமரை எதிரே இருந்த கட்டணக் கழிப்பறைக்குள் போனாள். ஐந்து நிமிஷம். ரேணுகா கோபுரத்தைப் பார்த்து நூற்றெட்டுத் தேங்காய் என்று வேண்டிக்கொண்டு, சம்பளம் ஞாபகம் வந்ததும் பதினொன்றாகக் குறைத்தாள். முத்தரசு செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான்.

கதவு படாரென்று திறந்தது. கார்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, அழுகையும் சிரிப்புமாகச் செந்தாமரை ஓடிவந்தாள்.

"ஏங்க, என் நாத்தனாருக்கு ரெண்டு கோடுங்க!"