பிரவீனன் எழுதிய கட்டுரை

லக்சிகாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதை ரொறொன்ரோவின் வோபர்னில் அவள் வீட்டார் வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மருத்துவத்துக்கு வழிவிடும் அந்தப் படிப்புக்கு இடங்கள் சொற்பம். விண்ணப்பிக்கிற பிள்ளைகள் எல்லாருமே நல்ல புள்ளி எடுப்பவர்கள். அதனால் பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், அது உன்னை எப்படி மாற்றியது என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான். பதில் சொல்கிற வசதி எல்லாருக்கும் ஒன்றா என்ன?

டொக்டர் அமிர்தநாதரின் மகனும் அவளுடைய சிநேகிதனுமான பிரவீனனுக்குக் கிடைத்துவிட்டது. நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. கோடையில் தகப்பனின் சிநேகிதருடைய ஆய்வுகூடத்தில் வேலை, நீச்சலில் பதக்கம், பெருவில் பள்ளிக்கூடம் கட்டப் போய்வந்த படங்கள் என்று அவனிடம் எல்லாம் இருந்தன. லக்சிகாவோ பள்ளி விட்டதும் தம்பியைக் கூட்டிவந்து சோறு போட்டு, தாய் வேலையால் வரும்வரை வீட்டைப் பார்த்தாள். அதற்கு யார் சான்றிதழ் தருகிறார்கள்?

ஆனாலும் அவளிடம் சொல்ல ஒன்று இருந்தது. 2009இல், இலங்கையில் போர் முடிகிற மாதங்களில், சனம் புலிக்கொடிகளோடு நகரின் டவுன்டவுன் வீதிகளில் நின்றபோது பள்ளிப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள் அவள்தான். யார் இன்னும் சாப்பிடவில்லை, யாரை எந்த பஸ்ஸில் ஏற்றுவது, பொலிஸோடு என்ன பேசுவது எல்லாம் அவள் பொறுப்பு. அந்த ஆண்டு மாரிக் குளிரில் விண்ணப்பிக்கும்போது அதையே எழுதினாள். எழுதியதைத் தகப்பன் நவரட்ணத்துக்குத் தமிழில் சொல்லியும் காட்டினாள்.

நவரட்ணம் பயந்துபோனார். வன்னியில் அவருடைய தங்கை குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை மட்டும் தப்பி முகாமில் இருந்தாள். அவளைக் கனடாவுக்கு எடுக்க அலைந்துகொண்டிருந்தார். கொடி, பொலிஸ் என்று சொந்த மகளே எழுதிக் கொடுத்தால் அது எங்கே போகும், யார் கண்ணில் படும், அவள் வருகையைக் கெடுக்குமோ என்று அவருக்குத் தெரியாது. குடும்ப டொக்டரான அமிர்தநாதரிடம் கேட்டிருக்கலாம். கூச்சம் விடவில்லை.

"உது வேண்டாம் பிள்ளை," என்றார். "வீணை பழகினனிதானே, அதை எழுது."

போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அந்த மனிதர் வீட்டில் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது. லக்சிகா எதிர்த்துப் பேசவில்லை. பிளாசா ஒன்றின் பேஸ்மென்ற்றில் அரைகுறையாகப் பழகிய வீணையைப் பற்றி எழுதி அனுப்பினாள். அதில் உயிர் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

அடுத்த ஆனியில், மகனுக்கு இடம் கிடைத்ததற்காக, டொக்டர் மில்லிக்கனில் உள்ள தன் வீட்டுத் தோட்டத்தில் விருந்து வைத்தார். போகாவிட்டால் பொறாமை என்று சனம் கதைக்கும் என்பதால் நவரட்ணமும் மகளோடு போனார். டொக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. மகன் அந்தப் போராட்டத்தைப் பற்றித்தான் எழுதினானாம். வாசித்துப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பு என்று அவரே சொன்னாராம். ஒரு இடத்தில் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றார்.

"கடைசி நாள் ஒரு ஆள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு றோட்டிலேயே இருந்திட்டாராம். ஆர் கூப்பிட்டும் எழும்பேல்லையாம். எங்கட மகன் தன்ர ஜக்கெற்றை அவருக்குப் போத்துவிட்டு, பக்கத்திலேயே இருந்தவனாம்."

பிரவீனன் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். நவரட்ணம் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார். அந்த ஆள் அவர்தான். தங்கை செத்த செய்தி வந்த நாள் அது. போர்த்தப்பட்ட ஜக்கெற் லக்சிகாவுடையது, பக்கத்தில் இருந்தவளும் அவள்தான்.

காருக்குள் ஏறியதும் வெடித்தார். பிள்ளையின் வாழ்வைக் களவெடுத்தவனின் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு வருகிறோமே என்றார். இப்போதே திரும்பிப்போய் நாலு பேர் முன்னால் கேட்கப் போவதாகச் சொன்னார்.

லக்சிகா அவர் கையைப் பிடித்தாள். "களவில்லை அப்பா. அவனுக்கு எழுத ஒண்டும் வரேல்லை எண்டு ஃபோனில அழுதவன். நீங்கள் வேண்டாமெண்டது சும்மாதானே கிடந்தது. நான்தான் குடுத்தனான்."

முகாமில் இருந்தவளும் இன்னும் வந்து சேரவில்லை. யாருக்காகப் பயந்தோம் என்று நவரட்ணம் தன்னையே கேட்டுக்கொண்டார்.

"அப்ப அவனுக்கு உதால ஒரு பிரச்சினையும் வரேல்லையா?"

"இல்லை," என்றாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள். "அவன்ர அப்பா பயப்பிடேல்லை."