பதினேழாம் குழாயில் மனிதர் இல்லை

1

இந்தக் கதை என் மூக்கில் பிறந்தது. புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருமலோடு படுத்திருந்தபோது, சளி எடுக்க ஒரு குச்சியை உள்ளே விட்டார்கள். அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், சின்ன வயதில் படித்த ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இடித்து நின்றது. அன்று சாயங்காலம் வரை எட்டு வந்தது, பத்து வந்தது. ஒன்பது மட்டும் வரவில்லை. சந்தேகமிருந்தால் பக்கத்துக் கட்டில் ராக்கனைக் கேளுங்கள். கீரமங்கலத்தில் மல்லிகை போட்டிருப்பவர். காய்ச்சலும் மூச்சிரைப்புமாக வந்தவர்.

2

முதல் தொடக்கம்: ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் வழியே பொற்கொடி மழையைப் பார்த்தபடி—

அடித்துவிட்டேன். மழையும் இல்லை, அந்த ஜன்னல் திறப்பதும் இல்லை.

இரண்டாவது: டெக்னீசியன் பொற்கொடி பி.சி.ஆர். மிசினின் திரையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

இது நிற்கும். அந்த மிசின் ஒவ்வொரு குழாயிலும் ஃப்ளூ, ஆர்.எஸ்.வி. என்று வைரஸ்களை வரிசையாகத் தேடும். இருந்தால் திரையில் கோடு ஏறும். கூடவே மனித மரபணு ஒன்றையும் தேடும், குச்சி நிஜமாகவே ஒரு மூக்குக்குள் போய் வந்ததா என்று பார்க்க. வைரஸ் கோடு ஏறாமல் இருக்கலாம். மனிதக் கோடு ஏறியே ஆக வேண்டும்.*

ராக்கனின் குச்சி இருந்த பதினேழாம் குழாயில் எதுவுமே ஏறவில்லை. பக்கத்து மேசைக்காரரோ வைரஸ் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, வைரஸ் இல்லை என்று முன்பே வார்டுக்குப் போனில் சொல்லிவிட்டார்.

(* என் மனிதக் கோடு நன்றாக ஏறியதாம். எழுபத்து மூன்று வயதில் எனக்குக் கிடைத்த முதல் அத்தாட்சி.)

3

பொற்கொடி இரண்டு மாடி ஓடி இறங்கினாள். (நான்கு மாடி என்று எழுதியிருந்தேன். கட்டடத்துக்கே மூன்றுதான்.) ராக்கன் வீட்டுக்குக் கிளம்பச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒக்காருங்க. போகக் கூடாது."

"ஏன்த்தா? மூக்குல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே."

"மூக்கே இல்லைங்குது மிசின்."

ராக்கன் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இருக்கேத்தா."

நர்ஸ் வசந்தகுமார் தரையைப் பார்த்தார். "நாந்தான் மேடம் எடுத்தேன். மூக்குக்கிட்ட கொண்டுபோனாலே கையப் புடிச்சுக்கிட்டாரு. பாவமா இருந்துச்சு. மீசையில ரெண்டு சுத்துச் சுத்தி அனுப்பிட்டேன்."

"மீசைக்கா காய்ச்சல்?"

"மீசைக்கு வெளக்கெண்ணெய் தவறாமப் போடுறேன்த்தா" என்றார் ராக்கன், பழி அதன்மேல் விழுந்துவிடக் கூடாதே என்று.

இந்தத் தடவை பொற்கொடியே எடுத்தாள். குச்சி போக வேண்டிய இடத்துக்குப் போனது. ராக்கன் குலசாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எம்மக சுகுணா கார்ல வந்துக்கிட்டிருக்குத்தா, என்னக் கூட்டிட்டுப் போக. பேத்தியையும் தூக்கிட்டு வான்னேன்."

"பாப்பாவுக்கு எத்தனை வயசு?"

"பதினாறு நாளு."

பொற்கொடி அவர் போனை எடுத்துக் கையில் திணித்தாள். பெரியவருக்கு இருமலாக வரும் வைரஸ் பதினாறு நாள் பிள்ளையின் மூச்சையே அடைத்துவிடும்.

"திரும்பிப் போகச் சொல்லுங்கய்யா!"

ராக்கன் போன் போட்டார். சுகுணாவின் போனை எடுத்தது அவள் மாமியார். "போனக் கட்டில்லயே வச்சுட்டுக் கெளம்பிட்டா. ஒரு மணி நேரம் ஆச்சே."

4

முடிவு மூன்று வைத்திருக்கிறேன். ஒன்றில் ஃப்ளூ கோடு ஏறுகிறது, மாத்திரை தொடங்குகிறார்கள். இன்னொன்றில் ஆர்.எஸ்.வி.; ராக்கன் பாப்பாவை வாங்கி முத்தம்— வேண்டாம், கை எழுத மறுக்கிறது. மூன்றாவதில் மனிதக் கோடு மட்டும் விறுவிறுவென ஏறுகிறது. வார்டுக்கே மல்லிகை வருகிறது.

மூன்றில் எது என்று சொல்ல மிசினுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். சுகுணாவின் வெள்ளைக் கார் இதோ ஆஸ்பத்திரி கேட்டுக்குள் திரும்பிவிட்டது. பொற்கொடி குழாயோடு மேலே ஓடிவிட்டாள். ஜன்னலில் காரைப் பார்த்துவிட்ட ராக்கனை வசந்தகுமார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் போகலாமென்றால் எனக்கும் இருமல்.

வாசலில் நிற்பது நீங்கள் ஒருவர்தான். பாப்பாவை உள்ளே கொண்டுவராதே என்று முன்பின் தெரியாத ஆள் சொன்னால் சுகுணா கேட்பாளா என்று யோசிக்க நேரமில்லை. கார்க் கதவு திறக்கிறது. துணியில் சுற்றிய ஒரு சின்னக் கால் வெளியே தெரிகிறது.

புத்தகத்தை வைத்துவிட்டு ஓடுங்கள்.