சிவப்புப் பொட்டு வைத்த தட்டு

"ஐயோ, அந்தத் தம்ளரை எடுக்காதீங்க!"

டயாலிசிஸ் முடிந்து நாக்கு வறண்டு வந்த அச்சகக்காரர், கைக்கு எட்டிய தம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தார். மனைவி பிடுங்கிய வேகத்தில் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது. தம்ளரின் அடியில் நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் பொட்டு. அது அவருடைய தங்கையின் தம்ளர்.

பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தால் தங்கைக்குக் கல்லீரலில் தொற்று வந்தது. குழந்தையும் தங்கவில்லை, புருஷன் வீட்டார் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீடு பெருந்தன்மையோடு கொல்லைப்புற அறையை ஒழித்துக் கொடுத்தது. தட்டு, தம்ளர், சோப்பு எல்லாம் தனி; தட்டிலும் அதே சிவப்புப் பொட்டு. வீடு கூட்டுவதும் துணி துவைப்பதும் மட்டும் அவள் கைதான். அந்த வேலைகளில் தொற்று ஒட்டாது போலிருக்கிறது.

"தனி அறை, தனித் தட்டு! மகாராணிக்குக்கூட இந்த வசதி கிடையாது அண்ணி" என்று அவள் சிரிப்பாள். அண்ணி சிரிக்க மாட்டாள். அண்ணன் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

ஒரு காலை, துணி காயப்போடும்போது தங்கை சுருண்டு விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மூளைச்சாவு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "அவங்க கிட்னி நல்லா இருக்கு. நீங்க சம்மதிச்சா ஒண்ணை உங்களுக்கே வைக்கலாம். பொருந்துது."

"அவளுக்குத்தான் அந்த வியாதி இருக்கே! இவருக்கு வந்துடாதா?" என்றாள் மனைவி.

"வரும்மா. ஆனா மாத்திரை இருக்கு. மூணு மாசம் சாப்பிட்டா அநேகமா எல்லாருக்கும் முழுசா போயிடும்."

மனைவியின் முகம் தெளிந்தது. அச்சகக்காரர்தான் மெல்லக் கேட்டார்: "அந்த மாத்திரையை அவளுக்குக் கொடுத்திருந்தா?"

"அவங்களுக்கும் போயிருக்கும். பல வருஷமா இருக்கற மருந்துதானே. ஏன், யாரும் அவங்களைக் கூட்டிட்டு வரலையா?"

தட்டில் பொட்டு வைக்கத் தெரிந்த வீட்டுக்கு ஒரு டாக்டரைக் கேட்கத் தெரியவில்லை. தங்கையின் சம்மதத்தைக் கேட்க இனி வழியில்லை. உயிரோடு இருந்தபோதும் அவளை யாரும் எதையும் கேட்டதில்லை. அச்சகக்காரர் கையெழுத்துப் போட்டார்.

அவர் பிழைத்து வீடு திரும்பிய நாள், மனைவி தன் தட்டுக்குப் பக்கத்திலேயே அவர் தட்டையும் வைத்தாள். "மாத்திரை முடியறதுக்கு முன்னாடியும் பயமில்லையாம். ஒண்ணா சாப்பிட்டா ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அவர் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார். பொட்டு வைத்த தட்டைத் தேடி எடுத்து, கொல்லைப்புற அறை வாசலில் போய் உட்கார்ந்தார்.

"இதுல போடு."

"என்னங்க இது? இங்க உக்காந்து சாப்பிட்டா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"இத்தனை வருஷமா அவ இங்கதான் உக்காந்து சாப்பிட்டா. யாரு என்ன சொன்னாங்க? நான் என்ன சொன்னேன்?"