சுவரோரம் ஒரு விரல் இடைவெளி

நூறு வருஷத்து நூலகத்தைப் புதுப்பிக்கும்போது, அதன் பழைய தேக்குப் பலகைகளையே இழைத்துத் தரையில் பாவத் தொடங்கினோம். மழையில் மரம் ஊதும், சுவரோரம் ஒரு விரல் இடைவெளி விடலாம் என்றேன். மேஸ்திரி என் மனைவியின் தம்பி.

“உங்க வாய்ல இருக்கிற ஓட்டை பத்தாதா மாமா, தரையிலயும் வேணுமா? கிளம்புங்க!” என்று என்னைத் துரத்திவிட்டு, பலகைகளைச் சுவரோடு இறுக்கி அடித்தான்.

முதல் மழைக்கே தரை நடுவில் புடைத்து எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியைத் தூக்கி உத்தரத்தோடு ஒட்டவைத்தது. ரம்பத்தோடு என்னைக் கூப்பிட்டார்கள்.

“மாமா, ஓரத்தை அறுங்க, மூச்சு முட்டுது!”

“அறுத்தா இடைவெளி விழுந்துடுமே மாப்ள. வெயில் வந்தா தானா இறங்கிடுவ.”

மூன்றாம் நாள்தான் வெயில் வந்தது. அதுவரை ஏணியில் ஏறி அவனுக்குச் சோறு ஊட்டியவன் நான்தான். உப்பு மட்டும் போடவில்லை.